யந்திரத்துக்குக் காவல்

ஆகாய விமானம் தரையிறங்கும் நேரத்தில் விமானி என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டால், அவர் இரு கைகளாலும் சுக்கானை இறுகப் பற்றிக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நிற்பதாகவே நம்மில் பலர் மனத்தில் சித்திரம் தீட்டிக்கொள்வோம். அப்படி நிற்க வேண்டிய நாட்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான நாட்களில், தரைக்குச் சில நூறு அடி உயரம் வரும் வரையில், அவருடைய பிரதான வேலை பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஓடுபாதையை ஒட்டி நிறுவிய நிலையங்களிலிருந்து வரும் இரண்டு ரேடியோக் கதிர்களில் ஒன்று திசையையும் மற்றொன்று சுமார் 3 பாகைச் சரிவையும் காட்ட, அவற்றைப் பின்பற்றி ஆட்டோபைலட் விமானத்தை இறக்கிக்கொண்டு வருகிறது. வேகம் குறையாமலும் மிகாமலும் எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் தணித்தும் கொடுக்கும் பொறுப்பை ஆட்டோ திராட்டில் என்னும் மற்றொரு சாதனம் ஏற்றுக்கொள்கிறது.

விமானி அறையில் அமரும் இருவரில் ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் கண்காணிப்பவர் என்று புறப்படுமுன்பே வகுத்துக்கொள்கிறார்கள். ஆயினும் ஓட்டுபவரும் யந்திரத்தை ஓட்டவிட்டு அதைக் கவனித்திருப்பவராகவே ஆகிவிடுவதால், உண்மையில் ஒரு யந்திரத்துக்கு இரண்டு காவலர்கள் என்ற விசித்திரமான ஏற்பாடு அமைந்துவிடுகிறது. அவர்களுக்கு எதிரேயுள்ள திரையின் உச்சியில், ஒடுங்கிய ஒரு வரியில், சில குறுஞ்சொற்கள் தோன்றி மறையும். ஆட்டோபைலட் இந்த க்ஷணத்தில் எதைப் பின்பற்றுகிறது, ஆட்டோ திராட்டில் எந்த உத்தேசத்தோடு விசையைக் கையாளுகிறது என்பதை அந்த வரி சொல்லும். காவலின் சாரம் முழுவதும் அந்த வரியைப் படிப்பதில் இருக்கிறது.

அதைப் படிப்பது எத்தனை கடினம் என்பதற்கு ஹாலந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கலாம். 2009 பிப்ரவரி 25 காலை, இஸ்தான்புல்லிலிருந்து 135 பேரோடு வந்த துருக்கிய ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம் ஆம்ஸ்டர்டாமின் ஷிபோல் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. முன் ஆசனங்களில் பயிற்சி பெறும் துணை விமானியும் அவருக்குப் போதிக்கும் கேப்டனும். பின்னால், பாதுகாப்புக்கென்றே மூன்றாவதாக ஒரு விமானி. தரையிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானிகள் அந்த விமானத்தில் இரண்டு. அவற்றில் இடப்பக்கத்துக் கருவி, விமானம் ஏறக்குறைய 1,950 அடி உயரத்தில் இருக்கும்போதே, பூமிக்கும் கீழே 8 அடி சென்றுவிட்டதாகக் காட்டியது. வலப்பக்கத்துக் கருவி சரியாகவே இருந்தது. ஆட்டோபைலட் வலப்பக்கத்தை நம்பிற்று. ஆட்டோ திராட்டிலோ இடப்பக்கத்தை நம்பிற்று. ஆகவே ஒரே விமானத்துக்குள் ஒரு யந்திரம் இன்னும் ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்க, மற்றொரு யந்திரம் தரையைத் தொடும் தருணம் வந்துவிட்டதென்று தீர்மானித்து, அந்தத் தருணத்தில் செய்ய வேண்டிய கிரமப்படி எஞ்சின்களின் விசையை முற்றிலும் தணித்துவிட்டது. 'ரிட்டார்ட்' (தணி) என்ற சொல் திரையின் உச்சியில் தோன்றவும் செய்தது.

மூவர் இருந்தும் ஏன் ஒருவரும் சந்தேகிக்கவில்லை? தரையிலிருந்த கட்டுப்பாட்டு அதிகாரிகள் காட்டிய வழி ஓடுபாதைக்கு மிகச் சமீபமாக வந்து திரும்பியதால், விமானம் சரிவுக் கதிரை மேலிருந்து பிடிக்க வேண்டியிருந்தது. மேலிருந்து பிடிப்பதானால் உயரத்தையும் வேகத்தையும் ஒருங்கே இழக்க வேண்டும். அதற்கு விசை தணிந்திருப்பதே முறை. தணிய வேண்டிய நேரத்தில் தணிந்த விசையை யார்தான் சந்தேகிப்பார்? போயிங் விமானங்களில் ஆட்டோ திராட்டில் வேலை செய்கையில் விசை நெம்புகோல்கள் தாமாகவே முன்னும் பின்னும் நகரும். அவை பின்னால் சென்று நின்றன. நின்ற காரணம் தவறு, ஆனால் நின்ற இடம் சரி. பிறகு வேகம் குறைந்து, வேண்டிய 144 நாட் வேகத்தை எட்டியபோது அவை மீண்டும் முன்னே நகர்ந்திருக்க வேண்டும், நகரவில்லை. அந்த நேரத்தில் இறங்குவதற்கு முந்திய சரிபார்ப்புப் பட்டியலை அவர்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை. நகர வேண்டியது நகராதிருப்பதைக் காண, அதற்கென்றே காத்திருக்கும் கண் வேண்டும். பட்டியலில் பதிந்திருந்த கண்களுக்கு அது புலப்படவில்லை.

வேகம் குறையக் குறைய, சரிவை விட்டு விலகலாகாது என்ற கட்டளைக்கு விசுவாசமாக நடந்த ஆட்டோபைலட் விமானத்தின் மூக்கை மேலும் மேலும் உயர்த்தியது. 460 அடி உயரத்தில் எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கிற்று. துணை விமானி நெம்புகோல்களை முன்னே தள்ளினார். அதே க்ஷணத்தில் கேப்டன் விமானத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்ள, துணை விமானி கையை எடுத்தார். இன்னும் துண்டிக்கப்படாதிருந்த ஆட்டோ திராட்டில் நெம்புகோல்களை மறுபடி பின்னுக்கு இழுத்துவிட்டது! எச்சரிக்கை எழுந்து 9 விநாடிகளுக்குப் பின்னர்தான் முழு விசையும் கொடுக்கப்பட்டது. அதற்குள் உயரம் தீர்ந்துபோயிற்று. ஓடுபாதைக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் ஒரு வயலில் விமானம் விழுந்து பிளந்தது. இறந்தவர் 9 பேர். அவர்களில் மூன்று விமானிகளும் உண்டு.

இதை அஜாக்கிரதை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் ரேடார்த் திரைகளின் முன்னால் அமர்ந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியவர்கள் நேரம் செல்லச் செல்ல ஏன் தவறவிடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்ற ஆங்கிலேய மனோதத்துவ அறிஞர், ஒரு வெற்றுக் கடிகார முகத்தில் முள் ஒன்றைப் படிப்படியாக நகரவிட்டு, எப்போதாவது அது ஒரே தடவையில் இரண்டு படி தாவினால் சொல்ல வேண்டும் என்று இளைஞர்களை உட்காரவைத்துச் சோதித்தார். நல்ல தேகசுகமும் உற்சாகமும் உள்ளவர்களுக்கும் முதல் அரை மணி நேரத்திற்குள்ளாகவே கவனம் தளர்ந்துவிட்டது. 1948-இல் அவர் வெளியிட்ட இந்த உண்மை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான்: பார்த்துக்கொண்டே இருக்கும் வரையில் பொங்காது, அப்பால் திரும்பிய நொடியில் பொங்கும். பின்னர் 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பெண்மணி இன்னும் கூர்மையாக எழுதினார்: மனிதனை நம்ப முடியாதென்று யந்திரத்தை அமர்த்திவிட்டு, அந்த யந்திரத்தைக் கண்காணிக்கும் வேலையை அதே மனிதனிடம் ஒப்படைக்கிறோம், அவனுடைய கைப்பழக்கமோ உபயோகமின்றித் தேய்ந்துகொண்டே போகிறது. 1978 முதல் 1990 வரை அமெரிக்காவில் விமானிகளின் செயல் சம்பந்தப்பட்ட 37 பெரிய விபத்துக்களை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிசீலித்தபோது, 31 விபத்துக்களில் கண்காணிப்புக் குறை தென்பட்டது.

நம் நாட்டில் இதற்கு உதாரணம் பெங்களூர். 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320 விமானம், விசையைத் தணித்தபடியே இறங்கும் ஒரு முறையில் ஆட்டோ திராட்டில் நின்றுவிட்ட நிலையில், 132 நாட் இருக்க வேண்டிய வேகம் 106 ஆகக் குறைந்து, ஓடுபாதைக்கு முன்னாலுள்ள கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். ஏர்பஸ்ஸின் நெம்புகோல்களோ ஆட்டோ திராட்டில் வேலை செய்யும்போது அசைவதே இல்லை. கையை வைத்திருந்தாலும் கைக்கு ஒரு சேதியும் வராது. ஆயினும் அந்த முறையில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று விமானிகளில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அறையின் ஒலிப்பதிவில் இருக்கிறது. கண்டார், சொன்னார்; செயலுக்கு வந்து சேரத்தான் நேரம் போதவில்லை.

ஆகவேதான் இன்று, திரையின் உச்சியில் ஒரு சொல் மாறினாலும் ஒருவர் அதை உரக்கப் படிக்க மற்றவர் ஆமோதிக்க வேண்டும் என்றும், மேகமூட்டத்தில் 1,000 அடி உயரத்துக்கு இறங்குவதற்குள் வேகமும் சரிவும் விசையும் நிலைப்படாவிட்டால் எந்த யோசனையுமின்றி மீண்டும் மேலே எழும்பிவிட வேண்டும் என்றும் விதிகள் வகுத்திருக்கிறார்கள். ஷிபோலில் அந்த 1,000 அடி, நிலைப்படாமலேயே கடந்து போயிற்று.

2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், இயன்றபோதெல்லாம் கையாலேயே ஓட்ட விமானிகளை ஊக்குவிக்குமாறு கம்பெனிகளுக்கு யோசனை கூறிற்று. ஆறு மாதம் கழித்து, ஜூலை 6 அன்று, தெளிந்த வானத்தின் கீழ் ஏஷியானா ஏர்லைன்ஸ் போயிங் 777 ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வந்தது. ஓடுபாதையில் நடந்த வேலை காரணமாகச் சரிவுக் கதிர் நிறுத்தப்பட்டிருந்தது. ஆட்டோ திராட்டில் உறங்கும் நிலைக்குச் சென்றுவிட்டதை அறியாமல், வேகத்தை அது காப்பாற்றும் என்று விமானி நம்பியிருக்க, 137 நாட் 103 ஆகி, கடற்சுவரில் வால் மோதிற்று. 307 பேரில் 3 பேர் இறந்தனர். கையால் ஓட்டும் பயிற்சி அதிகம் வேண்டும் என்றும், வேகம் வற்றுவதை முன்கூட்டியே உணர்த்தும் எச்சரிக்கைச் சாதனம் ஆராயப்பட வேண்டும் என்றும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சிபாரிசு செய்தது. என்னைக் கேட்டால் முன்னதற்கே முதலிடம் கொடுப்பேன். கையால் ஓட்டிப் பழகியவருக்கு மூக்கு உயர்வதும் எஞ்சின் இரைச்சல் அடங்குவதும் திரையைப் பார்க்குமுன்பே உறைக்கும். ஆனால் கருவிக்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும். பயிற்சிக்கோ ஒவ்வொரு விமானிக்கும் ஒவ்வொரு வருஷமும் செலவு செய்ய வேண்டும், கம்பெனிகளின் கணக்குப் புஸ்தகம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.