நாக்கு வீங்கினால் மாத்திரை அட்டையைத் தேடுங்கள்

கருணைக்கிழங்கைப் புளி சேர்க்காமல் வேகவைத்தால் நாக்கு அரிக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த அடுப்படியில் கேட்டாலும் சொல்வார்கள். கிழங்கில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்துவதால் வரும் அரிப்பு அது. பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

அடங்காத வீக்கமும் உண்டு. நாக்கின் வேர் தொண்டை வாசலிலேயே இருக்கிறது. அது தடித்தால் மூச்சு போகும் வழி அடைபடும். பேச்சு குழறுவது, எச்சிலை விழுங்க முடியாமல் வடிவது, மூச்சிழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருவது எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள்.

இப்படித் திடீரென வரும் வீக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வேதிப்பொருள்களில் ஒன்று காரணம். முதலாவது ஹிஸ்டமின். திராட்சைப் பந்தலில் குளவி கொட்டுகிறது. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறியவரைத் தேனீ கொட்டுகிறது. பலருக்கு வலியோடு போய்விடும். ஒவ்வாமை உள்ளவருக்கோ சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், உதடும் நாக்கும் வீங்கும், ரத்த அழுத்தம் சரியும். வேர்க்கடலை, இறால், சில ஊசி மருந்துகளாலும் இது வரலாம். தொடைத் தசையில் உடனே போடும் அட்ரீனலின் ஊசிதான் உயிர் காக்கும். சுண்ணாம்பு தடவிக் காத்திருக்க நேரமில்லை.

இரண்டாவது பிராடிகினின். இதில் அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. நன்றாகத் தூங்கியவர் விடியக்காலையில் எழுந்தால் நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று வீடே யோசிக்கும். காரணம், பல வருடமாக அவர் விழுங்கும் பிரஷர் மாத்திரையாக இருக்கலாம்.

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் இம்மாத்திரைகளின் பூர்வீகம் பாம்பு விஷம். பிரேசிலின் ஜராராக்கா விரியனின் விஷத்தை ஆராய்ந்தபோதுதான், 1949இல் பிராடிகினினே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வேலையை அந்த விஷத்திலுள்ள ஒரு பொருள் நீட்டிக்கிறது என்று 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அந்த வழியில் பிறந்த காப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்த நாளத்தை இறுக்கும் பொருளை உருவாக்கும் நொதியை இவை தடுக்கின்றன. பிராடிகினினைச் சிதைப்பதும் அதே நொதிதான். சிதையாமல் சேரும் பிராடிகினின் நாளங்களைக் கசிய வைக்கிறது, நாக்கு ஊதுகிறது.

ஆயிரம் பேர் சாப்பிட்டால் ஒருவர் முதல் ஏழு பேருக்கு இப்படி ஆகலாம். முதல் வாரத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். அலர்ஜி ஊசிகள் இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. மூச்சுப்பாதையைக் காப்பதும், அந்த மாத்திரையை நிறுத்துவதும்தான் முக்கியம். மரபுவழிக் குறையால் இதே வீக்கம் வருபவர்களும் உண்டு. சுமார் 50,000 பேரில் ஒருவர்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெயர் கேட்டால் மட்டும், “அந்த வெள்ளை மாத்திரைங்க” என்போம். கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர், க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் தள்ளி இருக்கிறது. எனவே உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். கிளம்பும்போது மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு வீங்கியவரால் பேச முடியாது. அவருக்காக அந்த அட்டை பேசும்.