கறையானிடம் தோற்ற ராட்சதன்

சென்ற இதழில் சிவகாசித் தீப்பெட்டி லேபிள்களின் லித்தோ அச்சு விவரிக்கப்பட்டது. அதே அச்சகத் தெருக்களின் வழியாகத் தென்மாவட்டங்களுக்குள் பரவிய சித்திரக்கதைகளையும், அவற்றின் மூல உலகமான ராட்சத விலங்குக் கதைகளையும், அந்தப் பழைய ராட்சதர்களுக்குப் பிற்காலக் கலைஞர்கள் காட்டிய அன்பு கலந்த மரியாதையையும் இந்த இதழ் எடுத்துக்கொள்கிறது.

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சுற்றிய வானம் பார்த்த பூமியும், அதற்குத் தென்மேற்கே உள்ள சிவகாசியும் ஒரே வறட்சியைப் பங்கிட்டுக்கொள்பவை. கண்மாய் நிறைந்தால்தான் விளைச்சல் என்ற நிலையில் வேளாண்மைக்குச் சாபமாக இருந்த அந்த வறட்சி, தீக்குச்சி மருந்து விரைவாகக் காய்வதற்கும், பல நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது தாள் ஈரம் உண்டு விரியாமல் இருப்பதற்கும் வரமாக அமைந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் லேபிள் அச்சைக் கொண்டுவந்தது. அந்த அச்சுத் தொழில் வளர்ந்து வேரூன்றிய ஊரிலிருந்துதான் 1972-இல் எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் அவர் மகன் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸும் வெளிவந்தன.

முத்து காமிக்ஸின் முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’ தமிழில் பிறந்த கதை அன்று. லண்டனைச் சேர்ந்த ஃப்ளீட்வே நிறுவனம் 1962-இல் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழில், கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர் அது. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும் லூயிஸ் கிராண்டேலைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள் என்றாலும், அதே வேலியண்ட் இதழில் 1964 முதல் அவருக்குப் பக்கத்துப் பக்கங்களில் நடமாடிய ‘மைடெக்’ என்ற ராட்சத இயந்திரக் குரங்கை அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஆப்பிரிக்காவில் குரங்குத் தெய்வத்தை வழிபடும் பழங்குடி ஒன்றை அமைதிப்படுத்த, அந்தத் தெய்வத்தின் உருவிலேயே ஒரு பேராசிரியர் அந்த இயந்திரத்தைச் செய்கிறார். அவருடைய உதவியாளனான கோக்ரா என்ற குள்ளன் அதைக் கைப்பற்றி நகரங்களை நொறுக்குகிறான். இந்தத் தொடரை எழுதிய டாம் டல்லிதான் பின்னாளில் மாயாவியின் கதைகளையும் எழுதினார் என்பதால், காரியாபட்டிச் சிறுவன் ஒருவன் கையில் வைத்துப் படித்த மாயாவிக்கும் லண்டன் சிறுவன் படித்த இயந்திரக் குரங்குக்கும் உறவு முறை சொல்வது மிகையாகாது.

மைடெக்கின் மூதாதை 1933-ஆம் ஆண்டின் ‘கிங்காங்’ திரைப்படம் என்பது வெளிப்படை. பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாகப் பிடித்து, பின்னர் வேகமாக ஓட்டி உயிருள்ளதாகக் காட்டும் ‘ஸ்டாப் மோஷன்’ முறையில் வில்லிஸ் ஓ’பிரையன் அந்தக் குரங்கை நடமாடவிட்டார். ஜப்பானில் 1954 நவம்பரில் வெளிவந்த ‘காட்ஸில்லா’, ரப்பர் உடைக்குள் ஒரு மனிதரை நுழைத்து, சிறிய அளவில் கட்டிய டோக்கியோ நகரத்தை மிதிக்கவைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்த துயரம் அந்தப் படத்துக்குள் நேரடியாகப் புகுந்தது. இத்தகைய ராட்சத உயிர்களை ஜப்பானியர் ‘கைஜு’ என்று குறிப்பிடுகிறார்கள்.

தமிழ்நாடும் இந்தப் பந்தயத்தில் முன்பே ஓடியது என்பது பலர் மறந்துபோன செய்தி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 1952-இல் தயாரித்த படம் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் தமிழில் ‘காடு’ என்றும் வெளிவந்தது. வில்லியம் பெர்க் இயக்கிய அந்தப் படத்தில், காட்டு யானைகள் திடீரென்று மிரண்டு ஊர்களைத் தாக்குவதன் காரணத்தைத் தேடிச் செல்லும் குழு, பனியுகத்தோடு அழிந்துபோன மயிரடர்ந்த மாமத யானைகள் இன்னும் உயிரோடு இருப்பதைக் காண்கிறது. பொம்மை செய்யவும் தந்திரக் காட்சி எடுக்கவும் பணமும் காலமும் தேவைப்பட்ட அந்நாளில், உண்மையான யானைகளின்மேல் நீண்ட முடிப் போர்வையைப் போர்த்தி, கொம்புகளை நீட்டி, அவற்றையே மாமத யானைகளாக நடக்கவிட்டார்கள். யானைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இதைவிடச் சிக்கனமான தந்திரம் வேறு இருந்திருக்க முடியாது. ஹாலிவுட்டார் இதற்காகவே சேலம்வரை வந்தார்கள் என்று நினைத்தால்கூடத் தவறில்லை. பின்னர் 1966-இல் பல்வந்த் தவே இயக்கிய ‘கோகோலா’ என்ற இந்திப் படத்தில் கடலிலிருந்து எழுந்த விலங்கொன்று பம்பாயைத் தாக்கியது.

திரைப்படத்துக்கு இருந்த இந்தச் செலவுக் கவலை சித்திரக்கதைக்கு இல்லை. பத்து மாடிக் கட்டடத்தை நொறுக்குவதற்கும் ஒரு நாற்காலியை உடைப்பதற்கும் ஓவியருக்கு ஆகும் மையின் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அமெரிக்கச் சித்திரக்கதைகள் ராட்சத விலங்குகளின் பக்கம் மொத்தமாகச் சாய்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1954-இல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகள் நடமாடும் பிணங்களையும் இரத்தம் குடிக்கும் பேய்களையும் ஓநாய் மனிதர்களையும் தடைசெய்தன. வானுயர்ந்த பல்லியையும் நடக்கும் மரத்தையும் தடைசெய்யவில்லை. அந்த இடைவெளியில்தான் பின்னாளில் மார்வெல் என்று பெயர் பெற்ற நிறுவனம், 1950-களின் இறுதியிலிருந்து ஸ்டான் லீ, அவருடைய தம்பி லாரி லீபர் ஆகியோரின் எழுத்திலும், ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ ஆகியோரின் ஓவியத்திலும் வரிசை வரிசையாக ராட்சதர்களை இறக்கியது. ஃபின் ஃபாங் ஃபூம், கூம், கூமின் மகன் கூகம் என்று உச்சரிக்கும்போதே சிரிப்பு வரும் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன.

அந்த வரிசையில் 1960-இல் வெளிவந்த ஒரு கதை சற்று நின்று பார்க்கத்தக்கது. வேற்றுக் கோளிலிருந்து வந்த மரவடிவ அரசனான குரூட், சுற்றுவட்டார மரங்களையெல்லாம் தன் படையாக்கி, ஓர் ஊரை அப்படியே பெயர்த்துத் தன் கோளுக்குக் கொண்டுசெல்லத் திட்டமிடுகிறான். துப்பாக்கிக் குண்டும் தீயும் அவனை ஒன்றும் செய்யவில்லை. உடல் வலு இல்லாதவர் என்று மனைவியே குறைசொல்லும் உயிரியல் அறிஞர் ஒருவர் மட்டும் தம் ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடக்கிறார். கடைசியில் அவர் வெளியே கொண்டுவருவது ஒரு கூட்டம் கறையான். குரூட் மரமாகவே விழுந்து சாகிறான். வீட்டு நிலையையும் உத்தரத்தையும் பரணில் கட்டிவைத்த பழைய காமிக்ஸ் கட்டுகளையும் கறையான் அரித்துத் தீர்ப்பதை அறிந்த திருச்சுழிப் பக்கத்து வாசகருக்கு இந்த முடிவில் வியப்பு எதுவும் இராது. இவ்வளவு நேரம் ஏன் பிடித்தது என்றுதான் கேட்பார். இதே குரூட் 2014-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் மூன்று சொற்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் நல்ல மனமுள்ள நண்பனாக உலகம் முழுவதும் கொண்டாடப்பட்டது பிற்காலக் கதை.

ஊரைத் திருட வந்தவன் உறவினனாக மாறிய இந்த மாற்றமே மரியாதைக் கதைகளின் அடிப்படை. பழைய கதையைக் கேலி செய்வது எளிது: ரப்பர் உடையின் பின்புறத் தையலையும், அட்டைக் கட்டடங்களையும், கதாநாயகனின் நெஞ்சு நிமிர்த்திய வசனத்தையும் சுட்டிக்காட்டினால் போதும். மரியாதைக் கதை அந்தத் தையலைப் பார்த்துவிட்டும் விலங்கை நம்புகிறது. 2005-இல் ஸ்காட் கிரேயும் ரோஜர் லாங்ரிட்ஜும் உருவாக்கிய ‘ஃபின் ஃபாங் ஃபோர்’ என்ற இதழில், பழைய ராட்சதர்கள் நால்வர் மனித அளவுக்குச் சுருக்கப்பட்டு மறுவாழ்வுக்காக வேலைக்கு அமர்த்தப்படுகிறார்கள். சீன மதில்களை நடுங்கவைத்த டிராகனான ஃபூம், சமையல்காரராகக் கரண்டி பிடிக்கிறது. சாண்டர் கேனன் 2015-இல் தொடங்கிய ‘கைஜுமேக்ஸ்’ தொடரில் ராட்சதர்கள் அனைவரும் ஒரு தீவுச் சிறையில் கைதிகள். இவை நகைச்சுவையை முன்னிறுத்துபவை.

இவற்றினும் ஆழமானது கனடா நாட்டு ஓவியர் ஜேம்ஸ் ஸ்டோகோ 2012-இல் எழுதி வரைந்த ‘அரை நூற்றாண்டுப் போர்’ என்று பொருள்படும் காட்ஸில்லா வரிசை. ஐந்தே இதழ்கள் கொண்ட இந்தக் கதை, 1954-இல் டோக்கியோவில் முதன்முறை அந்த விலங்கை எதிர்கொள்ளும் ஓட்டா முராகாமி என்ற இளம் படைவீரனை, வியட்நாம், கானா என்று ஒவ்வொரு போர்க்களமாக இழுத்துச் சென்று கிழவனாக்குகிறது. விலங்குக்கு வயதாவதில்லை, துரத்துகிறவனுக்கு மட்டும் வயதாகிறது. நான்காம் இதழ் 1987-ஆம் ஆண்டின் பம்பாயில் நடக்கிறது. ‘கோகோலா’ வந்து போன ஊருக்கே சற்றேறக்குறைய இருபது ஆண்டு கழித்து காட்ஸில்லாவும் வந்தது என்று இந்திய வாசகர் குறித்துக்கொள்ளலாம். ஸ்டோகோவின் பக்கங்களை அருகில் வைத்துப் பார்த்தால் உழைப்பு புரியும்: இடிந்து விழும் கட்டடத்தின் ஓடு ஒவ்வொன்றும், செதில் ஒவ்வொன்றும், புகையின் சுருள் ஒவ்வொன்றும் பேனாவால் தனித்தனியே கீறப்பட்டிருக்கின்றன. சிறு வயதில் நேசித்த ஒன்றுக்காக மட்டுமே ஒருவர் இத்தனை செங்கற்களை வரைவார்.

ராட்சதனிடம் இரக்கம் கொள்வது தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கம்பனின் கும்பகருணன், அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உண்ட சோற்றுக்காகப் போர்க்களம் புகுந்து மலைபோல் சாய்கிறான். கேட்பவர் மனம் இராமன் பக்கம் முழுமையாக நிற்பதில்லை. கரிசல் கிராமங்களின் எல்லையில் விழி பிதுங்கி மீசை முறுக்கி உயர்ந்து நிற்கும் காவல் தெய்வங்களும் அச்சத்தையும் உறவையும் ஒரே உருவில் வைத்திருப்பவை. 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் தாசரி சுப்பிரமணியத்தின் தொடர்களுக்கு ஓவியர் சித்ரா வரைந்த விந்தை விலங்குகள், இங்கிலாந்தின் இயந்திரக் குரங்குக்குச் சிறிதும் இளைத்தவை அல்ல. அவற்றுக்கு ஒரு தனி இதழ் தேவை என்பதால் இங்கே பெயர் சொல்வதோடு நிறுத்தப்படுகிறது.

ஆனால் மரியாதை செலுத்தும் முறையில் சிவகாசி வேறு வழியில் சென்றது. 2005-இல் இங்கிலாந்து எழுத்தாளர் ஆலன் மூர் கதைத்திட்டம் தர, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’, மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி முதலிய பழைய ஃப்ளீட்வே நாயகர்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்றும், அரசு அவர்களைப் பிடித்து அடைத்துவைத்திருக்கிறது என்றும் புதுக்கதை கட்டியது. அதே நாயகர்களைத் தமிழ் வாசகர் புதுக்கதையில் தேடவில்லை. பழைய கதையையே, பழைய வசனத்தோடு, மீண்டும் அச்சில் கேட்டார். 1952-இல் லண்டன் ‘லயன்’ இதழில் அறிமுகமாகி, வாயாடித்தனத்தால் தன் தோழர்களின் பொறுமையைச் சோதிக்கும் இயந்திர மனிதன் ஆர்ச்சி, தமிழில் ‘சட்டித்தலையன்’ என்ற செல்லப் பெயரோடு வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுதிய ஸ்பைடர், குற்றச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு தீபாவளி மலர்களையும் கோடை மலர்களையும் ஆண்டான். 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வழியாக லயன் காமிக்ஸ் புத்துயிர் பெற்ற பின், நடுவயதை எட்டிய வாசகர்கள் சந்தா கட்டிக் காத்திருந்தது புதிய ஐரோப்பிய வண்ணக் கதைகளுக்காக மட்டுமன்று, கறையான் தின்ற பழைய இதழ்களின் மறுபதிப்புகளுக்காகவும்தான்.

மறுபதிப்பை வெறும் ஏக்கம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. நியூஸ்பிரிண்ட் தாளில் மை ஊறிக் கறுத்துப்போன கட்டங்களில் பிளாஸ்கோவின் தூரிகைக் கோடுகள் புலப்பட்டதே இல்லை. நல்ல தாளில், பெரிய அளவில் வரும்போதுதான் அந்த ஓவியர் நிழலை எப்படிக் கையாண்டார் என்பது முதன்முறையாகத் தெரிகிறது. எனினும் மறுபதிப்பு மட்டுமே மரியாதையின் ஒரே வடிவமாக நிலைத்துவிட்டதில் ஓர் இழப்பும் உண்டு. ஸ்டோகோ பம்பாயை நொறுக்கியதுபோல், குண்டாற்றின் மணலிலோ வறண்ட கண்மாய்க்கரையிலோ ஒரு ராட்சதனை எழுப்பி, அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களுக்கு மேலே அவன் நிழலை விழச்செய்யும் ஓவியருக்கான களம் இந்த வட்டாரத்தில் ஆயத்தமாகவே கிடக்கிறது.

உரிமை வரலாறும் இதற்கிடையே திசை மாறியிருக்கிறது. ஃப்ளீட்வே கதைகளின் பெரும் களஞ்சியத்தை 2016-இலும் 2018-இலும் இரு தவணைகளாக விலைக்கு வாங்கியது, வீடியோ விளையாட்டுகள் தயாரிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து ரெபெலியன் நிறுவனம். மாயாவியையும் ஸ்பைடரையும் அந்த நிறுவனமே இப்போது இங்கிலாந்து வாசகர்களுக்குத் தொகுப்பு நூல்களாக வெளியிட்டு வருகிறது. சொந்த நாட்டில் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இந்த நாயகர்களின் பெயரை, தலைமுறை தாண்டியும் விடாமல் சொல்லிவந்தவர்களில் தென்தமிழ்நாட்டின் மானாவாரி ஊர்க்காரர்களும் அடக்கம்.