பாதியில் நின்ற படிப்பும் கட்டாமல் நின்ற கடனும்

கடன் பெருகப் பெருகத்தான் அதைக் கட்ட முடியாமல் போகும் என்று நினைப்போம். அமெரிக்கக் கல்விக் கடனில் நடப்பது இதற்கு நேர்மாறு. 2009-இல் கல்லூரியை விட்டு வெளியேறிய கடனாளிகளை அடுத்த ஐந்தாண்டுகள் வரை கவனித்து, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2015-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேர் கடனைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். ஐயாயிரம் டாலருக்கும் குறைவாக வாங்கியவர்களிலோ 34 சதவீதம் பேர். காரணம் விளங்காத புதிர் அல்ல. பெரிய கடன் பெரும்பாலும் மருத்துவமோ சட்டமோ மேற்படிப்போ முடித்தவருடையது. அதைக் கட்டும் சம்பளம் அவருக்கு உண்டு. சிறிய கடனுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது ஒன்றிரண்டு செமஸ்டரோடு நின்றுபோன படிப்பு. பட்டம் கைக்கு வரவில்லை, முன்பு பார்த்த அதே மணிக்கூலி வேலைதான், மேற்கொண்டு மாதத் தவணை ஒன்றும் சேர்ந்துவிட்டது. ஆகவே, மாணவர்கள் கடனில் மூழ்காமல் இருக்கக் கல்லூரி என்ன செய்யலாம் என்று கேட்டால், சிக்கனப் பாடம் நடத்துவதை முதல் பதிலாக நான் சொல்ல மாட்டேன். சேர்ந்த மாணவர் படிப்பை முடித்து வெளியேறும்படி பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

அந்த நாட்டின் மத்திய அரசிடம் கல்விக் கடன் வைத்திருப்பவர்கள் நான்கு கோடிப் பேருக்கு மேல்; மொத்தத் தொகை சுமார் 1.6 லட்சம் கோடி டாலர். தொடர்ந்து 270 நாள் தவணை கட்டாவிட்டால் கடன் தவறியவர் என்று பதிவாகிவிடும். பிறகு நீதிமன்ற உத்தரவு இல்லாமலே சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்க முடியும், திரும்ப வரவேண்டிய வரிப்பணத்தையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். இவற்றைவிடக் கொடுமையான விளைவு ஒன்று உண்டு. கடன் தவறியவருக்குப் புதிய மத்திய நிதியுதவி கிடையாது. பட்டம் இல்லாததால் கடனைக் கட்ட முடியாதவர், கடனைக் கட்டாததால் பட்டத்தை முடிக்கவும் முடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

கல்லூரிகள் சும்மா இருக்கின்றன என்று சொல்ல முடியாது. கடன் வாங்கும்போதும் படிப்பை விட்டுப் போகும்போதும் மாணவருக்கு ஆலோசனை தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் இது பெரும்பாலும் கணினித் திரையில் சில பக்கங்களைப் படித்து முடிக்கும் சடங்காகிவிட்டது; செமஸ்டரின் நடுவில் சொல்லாமல் நின்றுவிடுகிற மாணவர் அந்தக் கடைசி ஆலோசனைக்கு வருவதும் அரிது. கல்லூரிகளுக்குத் தண்டனையும் உண்டு. கடன் தவறுவோர் விகிதம் தொடர்ந்து மூன்றாண்டு 30 சதவீதத்தைத் தொட்டாலோ, ஒரே ஆண்டில் 40 சதவீதத்தைத் தாண்டினாலோ, மத்திய நிதியுதவித் திட்டங்களில் இருக்கும் தகுதியையே கல்லூரி இழக்கலாம். இந்த அச்சம் விளைவித்தது வேறொன்று. கணக்கெடுப்பு நடப்பது முதல் மூன்றாண்டுக்கு மட்டுமே என்பதால், அந்தக் காலம் கழியும்வரை தவணையைத் தள்ளிப்போடும்படி முன்னாள் மாணவர்களைத் தூண்ட ஆலோசனை நிறுவனங்களைச் சில கல்லூரிகள் அமர்த்தின. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2018-இல் இதை அம்பலப்படுத்தியது. முப்பதாயிரம் டாலர் கடன் வைத்திருப்பவர் மூன்றாண்டும் இப்படித் தள்ளிப்போட்டால், 6,700 டாலருக்கு மேல் கூடுதல் வட்டி கட்டவேண்டியிருக்கும் என்று அது கணக்கிட்டது. வருமானத்துக்கேற்பத் தவணையைக் குறைத்துக்கொள்ளும் வழி இருக்கும்போதே, கல்லூரியின் மதிப்பெண்ணைக் காப்பாற்ற மாணவர் தலையில் வட்டியை ஏற்றியிருக்கிறார்கள். இதை ஆலோசனை என்று அழைப்பதே தவறு.

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு செமஸ்டரும் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட்ட மாணவர்களில் பலர் நன்றாகப் படிப்பவர்கள், சிலர் பட்டத்துக்கு ஓரிரு படி தள்ளி நிற்பவர்கள், பாக்கியோ சில நூறு டாலர்தான். 2011 முதல், இவர்கள் கேட்டு வருமுன்பே அந்தப் பாக்கியைச் சிறு மானியமாக அடைக்கத் தொடங்கினார்கள். சராசரியாகத் தலைக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவு. பெறுகிறவர் நிதி ஆலோசகரைச் சந்திக்கவேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த ஆண்டு, பழைய மாணவர்களின் பதிவுகளை வைத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகளை வகுத்தார்கள். முதன்மைப் பாடத்தின் முதல் தாளிலேயே மாணவர் தடுமாறினால் உடனே ஆலோசகருக்குத் தகவல் போய்விடும். 2003-இல் 32 சதவீதமாக இருந்த ஆறாண்டுக்குள் பட்டம் முடிப்போர் விகிதம் பிறகு 54 சதவீதத்தை எட்டியது. ஏழை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் மற்றவர்களுக்கு நிகராகப் பட்டம் பெறும் நிலை அங்கே வந்தது. பல மாற்றங்கள் சேர்ந்து நடந்ததால் எல்லாப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. ஆனாலும் ஆயிரம் டாலருக்காக ஒருவரின் மூன்றாண்டுப் படிப்பு வீணாவதைத் தடுக்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. மாணவர் தங்கினால் அவருடைய அடுத்த செமஸ்டர் கட்டணமும் கல்லூரிக்குத் தங்குகிறது. மானியச் செலவின் பெரும்பகுதி அந்த வழியில் திரும்பிவிடும். கடன் வாங்கியவர் பெரியவர், பொறுப்பு அவருடையது என்பது இன்னொரு வாதம். கையெழுத்து அவருடையதுதான். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் முதன்மையானது கல்லூரியே. அப்படியானால் கடனே கொடுக்காமல் விடலாமே என்று சில சமுதாயக் கல்லூரிகள் மத்தியக் கடன் திட்டத்திலிருந்தே விலகியிருக்கின்றன. இதில் எனக்கு உடன்பாடில்லை. பெஞ்சமின் மார்க்ஸ், லெஸ்லி டர்னர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஒரு சமுதாயக் கல்லூரியில் சோதனை நடத்தினார்கள். கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தில் கடன் தொகை குறிக்கப்பட்டதால் கடன் வாங்கிய மாணவர்கள் அதிகப் பாடங்களை முடித்தார்கள், மதிப்பெண்ணும் உயர்ந்தது. வேலை நேரத்தைக் குறைத்து வகுப்பில் உட்கார உதவும் கடன், படிப்பை முடிக்கவைக்கும் கடனாகவும் இருக்கலாம்.

மாணவர் படிப்பை விட்டுத்தான் போகிறார் என்றால், அவர் போகும் அந்த வாரமே முக்கியமானது. செமஸ்டரில் 60 சதவீதம் கழியுமுன் மாணவர் விலகினால், மத்திய உதவியில் ஒரு பகுதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பித் தரவேண்டும். பிறகு அந்தத் தொகை மாணவர் பேரில் கல்லூரிப் பாக்கியாக ஏறலாம். பாக்கிக்காக மதிப்பெண் சான்றிதழை நிறுத்திவைத்தால், வேறு கல்லூரியில் சேரும் கதவும் மூடிவிடும். சான்றிதழைப் பிடித்துவைப்பதைக் கல்லூரிகள் தாமாகவே கைவிடவேண்டும். அதனால் வசூலாகும் பணம் அந்த மாணவரின் இழப்புக்கு ஈடாகாது. விலகிய ஆறு மாதத்தில் முதல் தவணை தொடங்கிவிடும். கடன் நிறுவனத்தின் கடிதமோ பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். கோவிட் கால நிறுத்தத்துக்குப் பிறகு, 2025 மே மாதம் அரசு கட்டாய வசூலை மீண்டும் தொடங்கியபோது, 2020 ஜனவரிக்குப் பின் வெளியேறிய கடனாளிகள் அனைவரையும் தொடர்புகொள்ளும்படி கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதியது. ஜூன் 30 வரை அவகாசம். ஐந்தாண்டுக்கு முன் போனவரைத் தேடிப் பிடிக்கவேண்டிய அதே கல்லூரியிடம், அவர் வகுப்புக்கு வராமல் போன முதல் வாரத்தில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது.