ஒரே மைதானம், இரண்டு ஆட்டம்

அயர்லாந்தின் பல ஊர்களில் மைதானம் ஒன்றுதான். அதில் உரிமை கொண்டாடும் ஆட்டங்களோ இரண்டு. ஆஷ் மரத்து மட்டையால் சிறிய தோல்பந்தை விளாசும் ஹர்லிங் ஒன்று. கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து மற்றொன்று. கில்கென்னி மாவட்டத்துக்கு ஹர்லிங்தான் உயிர், கெர்ரி மாவட்டத்துக்குக் கால்பந்து. இரண்டையும் நடத்துவது 1884இல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கிய ஒரே சங்கம். வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது.

இரண்டும் செழித்த கார்க் மாவட்டத்தில்தான் இழுபறி அதிகம். திறமையுள்ள ஒரே இளைஞனை இரு பக்கமும் கூப்பிடுவார்கள். அங்கிருந்து வந்தவர் டெடி மெக்கார்த்தி. 1990 செப்டம்பரில், இரண்டே வார இடைவெளியில், அகில அயர்லாந்து இறுதியாட்டங்கள் இரண்டிலும் ஆடி வென்றார். ஒரே ஆண்டில் இரண்டு பதக்கங்களையும் களத்தில் ஆடிப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. என்ன அருமையான வீரர்!