மூட்டை ஏற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது முதல் நம் ரங்கே கவுடர் வீதியில் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் பலருக்கு மொபெட்தான் கை கால். பழைய வண்டி டூ ஸ்ட்ரோக்; பெட்ரோலில் ஆயில் கலந்தால் தீர்ந்தது. எக்ஸ்.எல். 100 அப்படியல்ல. 99.7 சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் என்ஜினுக்குள் தனியாக நிற்கும். பழக்க தோஷத்தில் கடைப் பையன் பெட்ரோலில் ஊற்றினால் புகையும், பிளக்கில் கரியும்தான் மிச்சம். உள்ளே ஆயில் வற்றினாலோ பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்; ரீபோரிங் செலவும் வியாபார நஷ்டமும் நம் தலையில். கம்பெனி சொல்லும் பாரம் 130 கிலோ. ஓட்டுபவரும் அதில் அடக்கம். (யார் கேட்கிறார்கள்!) அதிகப் பாரத்தில் என்ஜின் சூடேறி ஆயில் சீக்கிரம் கெடும். வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, முதலாளியே பார்ப்பது நல்லது.