அடைமழையிலும் தானே ஓடும் ஜெனரேட்டர்... இரண்டு ஒயரில் இருக்கிறது சூட்சுமம்!

மின்கம்பம் எட்டாத மலைத்தோட்டங்களில் சோலார் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றையும் நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் வெயில் தலைகாட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். நடுராத்திரி மழையில் டார்ச் லைட்டோடு போய் ஜெனரேட்டரைப் போட யாருக்கும் மனம் வராது. ‘காலையில் பார்க்கலாம்’ என்று விடுவதில்தான் நஷ்டம் ஆரம்பம். லெட் ஆசிட் பேட்டரி அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். இதற்கான வழிதான் ஆட்டோ ஸ்டார்ட்.

ஒயரில் போவது உத்தரவு மட்டுமே!

ஜெனரேட்டர் வசதியுள்ள இன்வெர்ட்டரில் ‘டிரை கான்டாக்ட்’ என்ற ரிலே முனைகள் இருக்கும். அதில் சி, என்.ஓ ஆகிய இரண்டு முனைகளிலிருந்து ஜெனரேட்டரின் ரிமோட் ஸ்டார்ட் முனைகளுக்கு ஒயர் போக வேண்டும். பேட்டரி இறங்கியதும் ரிலே சேரும், ஜெனரேட்டர் ஓடும். ரிலே பிரிந்தால் நிற்கும்.

இந்த ரிலே சில ஆம்பியர் மட்டுமே தாங்கும். செல்ஃப் மோட்டார் ஒயரை இதில் நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் ஜெனரேட்டர் என்றால், நடுவில் ஆட்டோ ஸ்டார்ட் கன்ட்ரோலர் அவசியம். மூன்று முறை முயன்றும் இன்ஜின் பிடிக்காவிட்டால் அது நிறுத்தி அலாரம் அடிக்கும். கயிறு இழுக்கும் ஜெனரேட்டர் இதற்கு ஆகாது.

ஜெனரேட்டர் கரண்ட், இன்வெர்ட்டரின் ஏ.சி. இன்புட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டு லைனில் நேரடியாகச் சேர்த்தால் இன்வெர்ட்டர் போய்விடும். உத்தரவு ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்க்காமல் தனிக் குழாயில் கொண்டு போவது நல்லது.

எப்போது ஓட, எப்போது நிற்க?

48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு, 48 வோல்ட்டுக்குக் கீழே 15 நிமிடம் நீடித்தால் ஸ்டார்ட் என்று வைக்கலாம். இந்த அவகாசம் இல்லாவிட்டால், மோட்டார் போடும்போது வோல்ட் ஒரு நொடி சரிவதற்கெல்லாம் ஜெனரேட்டர் ஓடும். 57.6 வோல்ட்டுக்கு ஏறி ஒரு மணி நேரம் நின்றதும் நிறுத்தலாம். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு வேறு. அதன் கையேட்டைப் பின்பற்ற வேண்டும்.

5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் சுமார் 4 கிலோவாட்தான் தரும். சார்ஜிங்கை 35 ஆம்பியரில் வைத்தால் அதற்கே 2.3 கிலோவாட் வரை போகும். வீட்டுக்கு 1 கிலோவாட் போனாலும் தாங்கும். 60 ஆம்பியர் வைத்தால் திணறும்.

உயிர் விஷயம்

தானே ஓடும் இன்ஜின் சொல்லிவிட்டு ஓடாது. ஆயில் பார்க்கும் முன்பு, ‘ஆட்டோ’ சுவிட்சை ‘ஆஃப்’ செய்து, ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது கட்டாயம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வீட்டை ஒட்டியோ, மாட்டுக்கொட்டகைக்குள்ளோ ஜெனரேட்டர் கூடாது. எர்த், நியூட்ரல் இணைப்பை அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

வெயில் காலத்திலும் வாரம் ஒருமுறை 15 நிமிடம் லோடு கொடுத்து ஓட்டி, ஸ்டார்ட்டர் பேட்டரியையும் சார்ஜில் வைத்திருந்தால், மழைநாளில் கைவிடாது.

சந்தேகம் உள்ளவர்கள் இன்வெர்ட்டர் மாடல், பேட்டரி வோல்ட், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும் முறை மூன்றையும் குறிப்பிட்டுக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதலாம்.