கழிவுப் பாகில் யூரியா கலக்கும் முறை

சர்க்கரை ஆலைகளில் எஞ்சும் கழிவுப் பாகு (மொலாசஸ்) கால்நடைகளுக்கு நல்ல தீனியாகும். வைக்கோலையே பெரும்பாலும் தின்னும் மாடுகளுக்கு, இப்பாகுடன் யூரியா சேர்த்துச் செய்த நக்குகட்டி கோடையில் மிக்க பிரயோஜனமுடையது. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள், யூரியாவினின்று உண்டாகும் அம்மோனியாவைக் கொண்டு புரதத்தை உற்பத்தி செய்கின்றன. அதற்கு வேண்டிய சக்தியைப் பாகிலுள்ள சர்க்கரை அளிக்கின்றது. ஆனந்து நகரிலுள்ள தேசியப் பால்வள வாரியம் 1980-களில் இக்கட்டிகளைப் பரவச் செய்தது. ஆயினும், யூரியா ஓரிடத்தில் திரண்டு நின்றுவிடின் அக்கட்டியே மாட்டுக்கு விஷமாகும். ஆகவே கலக்கும் முறையை நன்கு அறிதல் அவசியம்.

ஜலத்தில் உப்பிட்டுக் கிண்டினால் சுழல்கள் எழுந்து விரைவில் கலந்துவிடும். பாகு போன்ற திண்ணிய திரவத்திலோ அத்தகைய சுழல் எழாது. சிறு விசிறி யந்திரத்தை அதில் வேகமாய் ஓட்டினும், அதனை அடுத்துள்ள பாகு மட்டுமே சுழலும். ஓரத்திலும் அடியிலும் உள்ளது அசையாது நிற்கும். எனவே தொழிற்சாலைகளில், பாத்திரத்தின் சுவரை ஒட்டிச் செல்லும் அகன்ற அலகுகளையோ, நாடாவைப் போல் முறுக்கிய அலகுகளையோ அமைத்து மெதுவாய்ச் சுழற்றுகின்றனர். இவை அடியிலுள்ளதை மேலே கொணர்ந்து, பாகை நீட்டியும் மடித்தும் கலக்கின்றன. அல்வா கிண்டுவோர் அடியைச் சுரண்டித் திருப்புவதும் இந்த நியாயம் பற்றியே.

கிராமத்தில் செய்வோர் எடையில் பாகு 50 பங்கு, யூரியா 10, உப்பு 5, நீறாத சுட்ட சுண்ணாம்புத் தூள் 10, தவிடு 25 என்னும் அளவைக் கொள்ளலாம். பாகில் ஜலம் சேர்த்தல் கூடாது; சேர்த்தால் கட்டி இறுகாது. குளிரால் பாகு மிகத் தடித்திருப்பின் வெயிலில் வைத்து இளக்கிக் கொள்க. யூரியாவைக் கட்டியின்றிப் பொடித்து, சிறிது சிறிதாகத் தூவிக் கிண்டுக. பின்னர் உப்பையும், அதன்பின் சுண்ணாம்பையும் சேர்க்க. தவிடு கலவையை மிகவும் தடிக்கச் செய்யுமாதலின் அதனை இறுதியில் இடுக. வெண்மையான கீற்று எங்கும் தோன்றாதவரை மண்வெட்டியால் அடியிலிருந்து புரட்டுக. கலவையை அச்சிலிட்டு, மறுநாள் எடுத்து, நிழலில் சில நாள் உலர்த்துக.

வைக்கோல் தின்ற மாட்டுக்கே கட்டியை நக்கக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தலும், கரைத்துக் குடிப்பித்தலும் ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கும் குதிரைக்கும் ஆகாது. வயிறு உப்பி, நடுங்கித் தள்ளாடினால் கட்டியை உடனே அகற்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.